கட்டிலுக்கு அடியில் இருந்த தொட்டி

அன்புள்ள வாலுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் சுகம், உன் அப்பாவும் சுகம், உட்காரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் வீக்கம், அதனால் இரண்டு தலையணை போட்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறார். நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன், நம்பித்தானே ஆகவேண்டும்.

வீக்கத்துக்குக் காரணம் சொல்கிறேன், சிரிக்காமல் படி. நம் தெருவில் எங்கிருந்தோ வந்த ஒரு சிவப்பு எறும்பு புகுந்துவிட்டது. நம் பழைய எறும்பு மாதிரி சாது இல்லை, கொட்டினால் கொப்புளம்தான். பக்கத்து வீட்டுத் தையல்காரர் கை வீங்கிக் கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் கடையையே சாத்திவிட்டார். அரசாங்கத்து ஆட்கள் வந்து வீடு வீடாகத் தோட்டத்தில் மருந்து போடுகிறார்கள், ஒரு வீட்டை விட்டாலும் அங்கிருந்தே மறுபடி கிளம்பிவிடுமாம். அந்த ஒரு வீடு எது என்று நினைக்கிறாய்? நம்முடையதுதான். கேட்டைத் திறக்கவே மாட்டேன் என்று உன் அப்பா ஒற்றைக் காலில் நின்றார். வேலை பார்த்த காலமெல்லாம் கரண்ட் மீட்டர் பார்க்கிறேன் என்று ஊரார் வீட்டுக்குள் உரிமையோடு நுழைந்து, கதவு திறக்கத் தாமதமானால் முறைத்த மனுஷன்! அதிகாரி உன் வயசுப் பெண். சட்டப்படி உள்ள வர எங்களுக்கு உரிமை இருக்கு சார், ஆனா நீங்களா திறந்தா நல்லா இருக்கும் என்று பொறுமையாகச் சொன்னாள். இவர் அவளுடைய அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, போட்டோ சரியில்ல என்றார். எனக்கு மானம் போயிற்று. தையல்காரர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று வீங்கின கையைத் தூக்கிக் காட்டினார். நானே போய்க் கேட்டைத் திறந்துவிட்டேன்.

மோப்பம் பிடிக்க ஒரு நாயும் வந்தது. அது தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நேரே வீட்டுக்குள் போய் எங்கள் கட்டில் முன்னால் மரியாதையாக உட்கார்ந்துகொண்டது. எறும்பு இருக்கும் இடத்தில் உட்காரத்தான் அதற்குப் பயிற்சியாம். அதற்குள் கட்டில் மேல் ஏறிவிட்ட உன் அப்பா, போர்வையைத் தரை வரை தொங்கவிட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாத பச்சைப் பிள்ளையாட்டம். எழுந்திருங்க சார் என்றாள். முதுகு வலி என்றார். கொஞ்ச நேரம்தான் தாங்கினார். முகம் சிவந்தது, உதடு துடித்தது, ஐயோ அம்மா என்று ஒரே துள்ளல். அரசாங்கத்துக்கு அசையாதவரை எறும்பு அசைத்துவிட்டது. அடியில் பார்த்தால், போன தடவை வெளிநாட்டிலிருந்து வந்தபோது நீ பெட்டிக்குள் துணியில் சுற்றித் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்தாயே, அந்தச் செடி, தொட்டியோடு.

அதில் எறும்பைப் பார்த்ததும் பழி உன்மேல் விழும், உன்னைத் திரும்பி வரவே விடமாட்டார்கள் என்று பயந்திருக்கிறார், பைத்தியம். என்னிடம்கூட மூச்சு விடவில்லை. என் பொண்ணு ஒண்ணும் பண்ணலம்மா, நான்தான் கடையில வாங்கினேன் என்று அந்தப் பெண்ணிடம் கையைக் கூப்பினபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இந்த எறும்பு தெருக்கோடியில வீடு கட்ட வந்த மண் லாரியில வந்தது சார், யார் மேலயும் பழி போட வரல என்றாள் அவள். ஆனால் புற்று தொட்டிக்குள்ளேயே இருந்ததால் செடியைப் பையில் போட்டுக் கட்டி எடுத்துப் போய்விட்டார்கள். ஒரு கிளையாவது ஒடிச்சுக்கட்டுமா என்று கேட்டுப் பார்த்தார். கூடாது என்றாள்.

இப்போது ஆளே மாறிவிட்டார். மருந்து போடுகிறவர்களுக்கு முன்னால் அடுத்த தெருவுக்குப் போய்க் கதவைத் தட்டி, திறங்க, உள்ள என்னத்த ஒளிச்சு வச்சிருக்கீங்க என்று அதட்டுகிறாராம், பழைய மீட்டர்காரர் திரும்பி வந்துவிட்டார். காலையில் மட்டும் செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போகிறார், ஒளித்து வைப்பதற்கு முன் தொட்டி இருந்த இடத்தில் தரையில் வட்டமாகக் கறை இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பி வருகிறார். செடியோடு பேசும்போது அவர் அதையும் உன்னைக் கூப்பிடுகிற மாதிரி வாலு வாலு என்றுதான் கூப்பிடுவார், நான் காதில் விழாத மாதிரி இருந்துவிடுவேன். எனக்கும் உன்னைப் பார்க்கவேண்டும் போலிருக்கிறது.

எங்கள் ஆசீர்வாதம் முழுக்க உனக்குத்தான், வேறு யாருக்குக் கொடுக்கப் போகிறோம். லீவு கேள். ஒன்றை மட்டும் மறக்காதே, செடி, விதை, கிழங்கு எதுவும் வேண்டாம், செருப்பு மண்ணைக்கூடத் தட்டிவிட்டு விமானம் ஏறு. கையை வீசிக்கொண்டு வா, அவர் செம்போடு நிற்கிறார்.

இப்படிக்கு,
கேட்டைத் திறந்தே வைத்திருக்கும்
உன் அம்மா