தட்டில் இருந்த பாதுஷா

சனிக்கிழமை, நவம்பர் 8

மகள் விரும்பும் பையனின் தகப்பன் இன்று பின்னேரம் சோலோதுர்ன் நகரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். ஈரான்காரர். என் மனைவி வதனா இந்தச் சம்பந்தத்துக்குச் சம்மதிக்கவே இல்லை. ஆனாலும் வீட்டுக்கு வருகிற மனிதர் என்று காலையிலிருந்து நின்று பாதுஷா சுட்டாள். அது கல்லாக வந்துவிட்டது.

மனிதர் ஒன்றை எடுத்துக் கடித்தார். கடிபடவில்லை. எனக்கு மானம் போயிற்று. இதன் பெயர் என்ன என்று ஜெர்மனில் கேட்டார். சொன்னேன். கையிலிருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தங்கள் பாஷையில் அது பேரரசருக்குரிய பட்டம் என்றார். இங்கே ஜெர்மனில் சதுரங்கத்தை ‘ஷாஹ்’ என்பதும் ராஜா என்கிற அதே ‘ஷா’வை வைத்துத்தானாம். ஈரானில் ராஜாவைச் சிம்மாசனத்திலிருந்து அசைக்கத் தாங்கள் பட்ட பாட்டுக்கு இது பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, தேநீரில் தோய்த்துத் தோய்த்து முழுவதையும் தின்றார். வதனாவுக்கு மொழிபெயர்த்தேன். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

போகும்போது ஜெனீவாவில் இருக்கும் தமையனுக்கென்று இரண்டு கேட்டார். தமையன் இன்னும் அந்த ராஜாவின் படத்தைச் சுவரில் வைத்திருப்பவராம். அதனால் இருவருக்கும் பேச்சு வார்த்தை குறைவு. இதன் பெயரைச் சொன்னால் எழுந்து நின்றுதான் தின்பார் என்றார்.

வதனா ஒரு பெட்டி நிறையக் கட்டிக் கொடுத்தாள்.

“அந்த அண்ணையையும் கலியாணத்துக்குக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கோ. ரெண்டு பேரும் இருந்து கதைக்கட்டும்.”

அதை ஜெர்மனில் சொல்ல வாயெடுத்தபோதுதான் அவள் என்ன சொன்னாள் என்பது எனக்கே உறைத்தது. அதற்குள் மகள் மொழிபெயர்த்து முடித்துவிட்டாள்.