இரண்டின் தலையில் ஒரு மூன்று

பூந்தமல்லி,
ஞாயிறு பகல்.

என் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் அலீனாவும் மாமியும் சுகம். மஸ்கட்டில் இப்போதாவது வெயில் தணிந்ததா?

போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்தாலே "விடு, அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிடுகிறீர்கள். உங்களோடு வேலை பார்க்கும் தப்ரேஸ் அண்ணன் லீவு முடிந்து செவ்வாயன்று கிளம்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். முழுக்கப் படியுங்கள்.

மாமிக்கு முழங்கால் வலி பரவாயில்லை. அலீனாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது, சிரிக்கச் சொன்னால் வாயைப் பொத்திக்கொள்கிறாள்.

விசா கிடைத்துவிட்டது, நவம்பரில் பிள்ளையோடு வா என்கிறீர்கள். எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஆனால் டிசம்பரில் எனக்கு ஆசிரியர் தேர்வு. அதைச் சொன்னபோது நீங்கள் கேட்டீர்களே, "இன்னா நீ, எப்பப் பாரு போன்ல ஆப் தேடிகினு கீற, இதுக்குப் பேரு படிப்பா?" என்று. அது எனக்கு ரொம்ப வலித்தது. அதனால் அந்த ஆப் கதையைக் கேளுங்கள்.

கோச்சிங்குக்கு ஆவடி பஸ்ஸில் போய் வருகிற நேரம்தான் என் படிப்பு நேரம். வீட்டில் உட்கார்ந்தால் யாராவது கூப்பிடுவார்கள். கணக்குக்கு நல்ல வலைத்தளங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றில் புதிதாக வருவதையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்துத் தருவதற்கு ஃபீட் ரீடர் என்று ஆப்கள் உண்டு. செய்தி, சமையல் எல்லாம் அதில் ஒழுங்காகத்தான் வரும். கணக்கு என்றால் மட்டும் அதற்குக் காய்ச்சல் வந்துவிடும். முதல் ஆப்பில் சூத்திரம் வர வேண்டிய இடமெல்லாம் டாலர் குறியும் சாய்கோடுமாகக் கிடந்தது. கரையான்சாவடியில் மொபைல் கடை வைத்திருக்கும் தேவராஜிடம் காட்டினேன். டிஸ்ப்ளே போய்விட்டது, மாற்றிவிடலாம் என்றார் அந்த மகராசன். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு வந்தேன்.

இரண்டாவது ஆப் சத்தமில்லாமல் கழுத்தறுத்தது. என்னோடு எம்.எஸ்சி. படித்த எழிலரசி, இப்போது வானகரத்தில் இருக்கிறாளே, அவள் தன் வலைத்தளத்தில் தமிழிலேயே கணக்குப் பதிவு எழுதுகிறாள். மூன்று பொருள் இருந்தால், எதை எடுப்பது எதை விடுவது என்பதற்கு எத்தனை வழி என்று எழுதியிருந்தாள். விடை 23 என்று என் திரையில் வந்தது. நான் நம் வீட்டுப் பிரியாணியை வைத்து எண்ணிப் பார்த்தேன். தொட்டுக்கொள்ள மூன்று: தால்ச்சா, தயிர்ப் பச்சடி, கத்திரிக்காய். எதையும் தொடாமல் வெறும் பிரியாணி தின்கிற உங்களையும் சேர்த்தால் எட்டு வழிதான். உடனே அவள் பதிவுக்குக் கீழேயே, எல்லோரும் பார்க்க, விடை தப்பு என்று எழுதிவிட்டேன்.

அவள் போன் செய்து, "என் பக்கத்தைத் திறந்து பாருடி. இரண்டு, அதன் தலையில சின்னதா ஒரு மூணு. உன் ஆப் அந்த மூணைக் கீழே தள்ளிவிட்டிருக்கு" என்றாள். மூன்று இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் எட்டு. எனக்கு மானமே போயிற்று. அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்தது. இது விரல்விட்டு எண்ணுகிற கணக்கு, பிடிபட்டது. எண்ண முடியாத சூத்திரங்களை எத்தனை தப்பாக மனப்பாடம் செய்தேனோ! ஒரு மார்க்கில் வேலை போகிற தேர்வு மச்சான் இது.

அப்புறம் நான் விடவில்லை. கிடைத்த ஆப்பையெல்லாம் போட்டுப் பார்த்தேன். ஒன்று சூத்திரத்தைப் படமாகக் காட்டியது, ஆனால் கறுப்புத் திரையில் கறுப்புப் படம். இன்னொன்று, பஸ் பாலம் தாண்டி சிக்னல் போனதும் வெறும் கட்டமாகிவிடும். கடைசியில் ஒரு சின்ன ஆப்பைச் செய்தவருக்கே எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன். அவர் எந்த நாட்டுக்காரரோ, மரியாதையாகப் பதில் போட்டார். நான் படம் பிடித்து அனுப்ப, அவர் திருத்த, மறுபடி நான் குறை சொல்ல, இப்போது அடுக்கு, அதுதான் அந்தத் தலைமேல் எண், மேலேயே நிற்கிறது, வர்க்கமூலக்குறிக்குக் கூரை சரியாக வருகிறது. படித்ததையெல்லாம் முதலிலிருந்து சரிபார்த்துக்கொண்டு வருகிறேன். இதுவும் படிப்புதான்.

நிக்காஹ் பேசும்போது, பொண்ணு கணக்கில் எம்.எஸ்சி. என்று ஊரெல்லாம் பெருமை பேசியவர் நீங்கள். அந்தப் பெண்தான் இதை எழுதுகிறாள்.

நவம்பர் டிக்கெட் போடாதீர்கள், நான் ஏற மாட்டேன். கோபப்படாதீர்கள். டிக்கெட் போட்டே தீர வேண்டுமானால் உங்களுக்குப் போடுங்கள், டிசம்பருக்கு, இங்கே வர. நான் தேர்வு அறைக்குள் போகிறபோது அலீனா கையைப் பிடித்துக்கொண்டு கேட் பக்கத்தில் நீங்கள் நிற்க வேண்டும். யார் யாரிடம் வந்து சேர்வது என்பதை அதற்கப்புறம் நேரில் பேசிக்கொள்வோம்.

அல்லாஹ் உங்களைப் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்,
அஷ்ரஃபுன்னிசா