கரண்ட் போன நாளில் கழுவிய கியர்பாக்ஸ்

பட்டறையில் சோப்புத் தண்ணீர் சூடேறும் வாசம் வந்தாலே நீ பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். இன்று அந்த வாசம் வரவில்லை. மழையில் ஏற்காடு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. ஒரு ஜீப்பின் கியர்பாக்ஸைப் பிரித்து, சோப்புத் தண்ணீரைக் கரண்டில் சூடாக்கிக் கழுவும் மெஷினுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் மெஷினுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

இந்த மெஷினை வாங்க வைத்தவள் நீ. பெட்ரோலில் சாமான் கழுவிவிட்டு நான் அடுப்படிப் பக்கம் வந்தால் உனக்கு உயிரே போகும். "ஏனுங்க, என்னிக்காச்சும் ஒரு நாளைக்கு ஊட்டோட பத்திக்கப் போகுதுங்க. இனிப் பெட்ரோலைத் தொடமாட்டேன்னு சொல்லுங்க" என்று நின்றாய்.

"இரும்பைத் தண்ணியில கழுவுனா இந்தப் பனிக்குத் துரு ஏறாதா?" என்று எகிறினேன்.

"கழுவுன கையோட தொடச்சு எண்ணெ போடுங்க. எங்கிட்ட எதுக்கு எகிறறீங்க?"

கடைசியில், தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜீப் டிரைவருக்கு இதெல்லாம் தெரியுமா? இருட்டுவதற்குள் காப்பி மூட்டைகளோடு அடிவாரத்துக் குப்பனூருக்கு இறங்க வேண்டும் அவனுக்கு. "நொம்ப நேரமாகுதுங்கண்ணா. கேன்ல பெட்ரோல் இருக்குது, ஊத்திக் கழுவி உடுங்க" என்று நச்சரித்தான். கேனை வாங்கி மூடியைக்கூடத் திருகிவிட்டேன். யாருக்குத் தெரியப் போகிறது? நீதான் உயிரோடு இல்லையே. அப்படி நினைத்ததும் என்மேலேயே ஆத்திரம் வந்தது. மூடியை இறுக்கி அவனிடமே கொடுத்து, ஜீப்பில் தூரமாக வைக்கச் சொன்னேன்.

பிறகு, நீ வெந்நீர் போட்டுவந்த அண்டாவை வீட்டிலிருந்து தூக்கி வந்தேன். மெஷினிலிருந்த சோப்புத் தண்ணீரை மொண்டு ஊற்றி, விறகு மூட்டிச் சூடாக்கினேன். பார்த்திருந்தால் என்னையும் சேர்த்து அடுப்பில் ஏற்றியிருப்பாய். டிரைவரும் நானும் பிரஷ்ஷால் தேய்த்தோம். ஒவ்வொன்றையும் ஈரம் போகத் துடைத்து, தணலருகே காட்டி, எண்ணெய் பூசினோம். அதுவரை என் மனம் ஒரு நிலையில் இல்லை.

எல்லாம் மாட்டி ஜீப் கிளம்பும்போது, "பொல்லாத பிடிவாதமுங்கண்ணா உங்களுக்கு" என்றான். அது உன்னுடையது என்று அவனிடம் சொல்லவில்லை.

வீட்டு வாசலில் வந்து நின்றேன். வேலை முடிந்து வந்தால், நீ காலரைப் பிடித்திழுத்து மோந்து பார்த்த பிறகுதானே உள்ளே விடுவாய்? இன்று சோப்பு வாசமும் விறகுப் புகையும்தான், வேறொன்றும் இல்லை. நீ மோந்து பார்த்துச் சொல்லாமல், உள்ளே போகக் கால் வரவில்லை.