மீன் கட்சி

மார்ச் 4, சனி

வெயில். குடமுருட்டி ஆற்றில் மணல்தான். தண்ணீர் இருப்பது எங்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள மடுவில் மட்டும். மேட்டூர் திறக்கும்வரை ஊர் மீன்களுக்கு அதுதான் லாட்ஜ்.

பல் விளக்கப் போனேன். பெரிய விரால் ஒன்று. அதன் மேலே சிவப்புக் குஞ்சுகள், யாரோ மிளகாய்த்தூளைத் தண்ணீரில் கலக்கிவிட்ட மாதிரி. எவ்வளவு நேரம் பார்த்தேனோ, வாயில் பற்பொடி காய்ந்துவிட்டது.

மார்ச் 6, திங்கள்

மடுவைத் தூர்க்கிறார்கள்! பண்ணையாருக்கு வாழைத்தோப்பு வேண்டுமாம். வண்டி வண்டியாக மண். "ஆத்துப் புறம்போக்கு, நாங்க குடிசை போடணும்" என்று கூலியாட்கள் அக்கரையில் செங்கொடி. பண்ணையார் இக்கரையில் தன் கட்சிக் கொடி. யார் ஜெயித்தாலும் விரால் வாயில் மண்.

மும்தாஜ் (ஜவுளிக்கடை பாய் மகள், என் வகுப்பு): "அதுக்கும் ஒரு கொடி நட்டுட்டா என்னடி?"

கடையில் மஞ்சள் வெட்டுத்துண்டு. துணிக்குப் போடும் நீலத்தால் மீன் வரைந்தேன். வால் மட்டும் வெண்டைக்காய் மாதிரி வந்துவிட்டது.

மார்ச் 7, செவ்வாய்

விடியுமுன் மடு நடுவில் நட்டாயிற்று. இடுப்பளவு தண்ணீர். என் காலில் ஏதோ வழவழவென்று உரசிப் போயிற்று. சொல்லவில்லை, மும்தாஜ் கத்துவாள்.

டீக்கடையில்:

"சோழ நாட்டுல பாண்டியன் கொடியா?"

"மதுரைப் பக்கம் புதுசா கட்சி ஆரம்பிச்சிருக்காங்களாம்பா."

"பெரிய கை. தொட்டுடாதே."

வண்டிகள் வந்தன. ஒருவரும் மண் கொட்டவில்லை.

மார்ச் 8, புதன்

மேகம். காற்றே இல்லை. தண்ணீரில் கொடியின் நிழல். குஞ்சுகள் துணி மீனின் வயிற்றுக்குள் புகுந்து வால் வழியாக வெளியே வந்தன. நானும் கூடவே போய் வந்தேன். கணக்குப் பரீட்சை மறந்தே போயிற்று.

பண்ணையாரின் காரியஸ்தர் வந்தார். பின்னால் நான்கு வண்டி மண். நாங்கள் குடத்தோடு.

"ஏம்மா, இந்தக் கொடிக்காரங்க தலைவர் எங்க இருக்காரு? அவருகிட்ட பேசாம மண்ணைக் கொட்ட வேணாம்னு முதலாளி சொல்றாரு."

என் வாய் சும்மா இருக்குமா?

"தலைவர் தண்ணியில இருக்காருங்க."

மும்தாஜ் குடத்துக்குள் முகத்தை விட்டுக்கொண்டாள்.

காரியஸ்தர் தலையில் அடித்துக்கொண்டார். "காலங்காத்தாலயேவா? சாராயக் கடையைத் திறந்தாலும் திறந்தாங்க! தெளிஞ்சதும் சொல்லியனுப்பும்மா. டேய், வண்டியைத் திருப்புங்கடா!"

நான் சொல்லியனுப்பணுமாம்.