கருப்பு மட்டும் நின்ற பேனர்

நண்பா,

நேற்று திருச்சுழி ரோட்டில், ஒரு கரி மூட்டத்தின் பக்கத்தில் உன் முகத்தைப் பார்த்தேன்.

சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரி போடுகிற இடம் அது. பத்திரிகைக்கு ஒரு செய்தி எடுக்கப் போயிருந்தேன். மூட்டம் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. கட்டி அடுக்கிய கரி மூட்டைகளின் மேல் பழைய பேனர் துணியைப் போர்த்திக் கல் வைத்திருந்தார்கள். காற்று ஒரு பக்கத்தைத் தூக்கிப் புரட்டியது. நீள்வட்டச் சட்டத்துக்குள் நீ. முகம் நீலம் பாரித்திருந்தது. கீழே உன் பெயர் மட்டும், அன்றைக்கு அச்சடித்தது போலக் கன்னங்கரேலென்று.

மூட்டை தைத்துக்கொண்டிருந்த பெண் எழுந்து வந்து துணியைத் திரும்பக் கவிழ்த்துப் போட்டாள்.

"மொகம் மேல இருந்தா வேலை ஓட மாட்டேங்குதுண்ணே. பாத்துக்கிட்டே இருக்காக." என் முகத்தைக் கவனித்துவிட்டு, "தெரிஞ்சவுகளா?" என்றாள்.

"கூட்டாளி."

"செத்ததுக்கு அடிச்ச பேனருதான?"

ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். கடை திறப்புக்கு அடித்தது என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள். அன்றைக்கு ஊரும் நம்பவில்லை.

அருப்புக்கோட்டை பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உன் டிசைன் கடை. சாதாரண ஃபான்ட்டுக்கு நிறத்தை நாம்தான் கொடுக்க வேண்டும். உன்னைப் பிடித்து ஆட்டியது கலர் ஃபான்ட். அதில் ஒவ்வொரு எழுத்தும் தன் நிறத்தையும் நிழலையும் சேர்த்தே கொண்டுவரும். அதிலும் உனக்கு கௌபாய் படங்களில் வரும் அமெரிக்கக் குதிரைக்காரப் பாணிதான் வேண்டும். மரப்பலகையில் சூடு போட்டது மாதிரி, கயிறு முறுக்கியது மாதிரி, தோலைத் தைத்தது மாதிரி எழுத்துகள். விசைத்தறிக்காரர்களின் சேலைப் பெட்டிக்கும், வாசலில் மாட்டும் பெயர்ப்பலகைக்கும், பிறந்தநாள் கேக்கில் செருகும் அட்டைக்கும் அதே மரம், அதே கயிறு.

"ஏலே, அருப்புக்கோட்டையில குதிரை எங்கலே இருக்கு?" என்று கேட்டேன்.

"வெயில் இருக்கு, முள்ளு இருக்கு, தூசி இருக்கு. குதிரை மட்டுந்தான் பாக்கி. அதுல நீ ஏறிக்க."

அந்த ஃபான்ட்டுகளில் தமிழ் கிடையாது. ஆங்கில எழுத்துகளை அறுத்து, ஒரு வளைவை இங்கிருந்தும் ஒரு காலை அங்கிருந்தும் எடுத்துத் தமிழுக்கு ஒட்டிக்கொண்டிருந்தாய். பிறகு நீயே உட்கார்ந்து முழுத் தமிழுக்கும் கயிறும் மரமுமாக ஒரு கலர் ஃபான்ட் செய்தாய். அதை வைத்துத்தான் பெயர்ப்பலகைக்கும் பரிசுப் பெட்டிக்குமாக ஒரு தனிக் கடை திறக்கப் போனாய்.

வாடிக்கையாளர் வேலை எதையும் நீ எழுத்தாக அனுப்பியதில்லை. பிரஸ்ஸில் இருக்கும் பழைய சாஃப்ட்வேருக்குக் கலர் ஃபான்ட் தெரியாது, நிறத்தை உதிர்த்துவிட்டு வெறும் கருப்பாக அடித்துவிடும் என்பதால் எல்லாவற்றையும் படமாக மாற்றித்தான் அனுப்புவாய். "கண்ணாடியில பாக்குறது வேற, துணியில விழுறது வேற" என்பாய். கம்ப்யூட்டர் திரையை நீ கண்ணாடி என்றுதான் சொல்வாய். உன் சொந்தத் திறப்பு விழா பேனரை மட்டும் எழுத்தாகவே அனுப்பினாய். நீ பெற்ற எழுத்து தன் காலில் நடந்து போய்ச் சேர்கிறதா என்று பார்க்கும் ஆசை.

விருதுநகர் பிரஸ்ஸில் ராத்திரி அடித்து, விடியும் முன்பே வந்து கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ஓரம் கருகிய பழுப்புத் தாள் மாதிரிப் பின்னணி, நீள்வட்டத்துக்குள் பழைய போட்டோ நிறத்தில் உன் முகம், கீழே பெயர், திறப்புத் தேதி. கயிறும் மரமும் வர வேண்டிய இடத்தில் மொட்டைக் கருப்பு. கடைப் பெயர் அடியில் பொடியாக இருந்தது. ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்க்கிறவன் முகத்தையும் கருப்புப் பெயரையும் தேதியையும்தான் படிப்பான்.

நீ போய்விட்டாய் என்று கேட்டு நான் ஓடி வந்தபோது நீ பனியனோடு வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தாய். மல்லாங்கிணற்றிலிருந்து உன் மாமா மாலையோடு வந்து இறங்கி, உன்னைப் பார்த்தபடி அப்படியே நின்றார்.

"நான்தான் மாமா. வாங்க. மாலைய வீணாக்க வேணாம், கடைக்குப் போட்டுருவோம்."

மாமா சிரிக்கவில்லை. உங்கள் வீட்டுத் தெலுங்கில் மெதுவாக ஏதோ சொன்னார். உள்ளேயிருந்து வந்த உன் மனைவி அதைக் கேட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டார். என்ன சொன்னார் என்று உன்னைக் கேட்டேன். நீ வாயைக் கொப்பளிக்கப் போய்விட்டாய்.

"அவுக கேக்க மாட்டாக. நீங்களாச்சும் அத அவுக்கச் சொல்லுங்கண்ணே," என்றார் உன் மனைவி.

"ஊரே வீட்டுக்கு வந்துட்டுப் போகுது. இதவிட என்ன வெளம்பரம் வேணும்?" என்றாய்.

என்னைப் பஸ் ஏற்றிவிட வரும் வழியில்தான் சொன்னாய். நெஞ்சுக்குள் ஒரு வால்வு சரியில்லை. ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். உன் மனைவி அதை வாயுக்கோளாறு என்று நினைத்துச் சுக்குக் கஷாயம் வைத்துக்கொண்டிருந்தார்.

"பேனர அவுத்துட்டு மொதல்ல மதுரைக்குப் போலே. கடை எங்க போகப் போகுது?"

"இப்ப அவுத்தா நான் பயந்துட்டேன்னு ஆகும். ஆபரேசன் டேபிள்ல போயி பயந்தவனா படுக்கச் சொல்றியா? கடையத் தொறந்துட்டுப் போறேன்."

கடை திறந்தது. நல்ல கூட்டம். செத்தவன் கடை என்று சொல்லிச் சொல்லியே ஆர்டர் கொடுத்தார்கள். ஊருக்குள் கட்டியிருந்ததையெல்லாம் உன் மனைவி ஆள் வைத்து அவிழ்த்தார். திருச்சுழி ரோட்டில் ஒன்று கட்டியிருப்பது அவருக்குத் தெரியாது. நீ மறந்துவிட்டாய், அல்லது மறந்த மாதிரி இருந்துவிட்டாய். ஒரு கல்யாண ஆர்டர் முடியட்டும் என்றாய். அது முடிந்ததும் இன்னொன்று வந்தது. படியேறும்போது பேச்சை நிறுத்தி, மூச்சு வாங்கி, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வாய்.

நான் அந்த ரோட்டில் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். வெயில் உன் முகத்தைத் தின்றுகொண்டிருந்தது. பழுப்பு போய்ப் பச்சையானாய், பிறகு நீலமானாய். உன்னிடம் சொன்னேன்.

"அந்த மசியில மஞ்சளும் செவப்பும் மொதல்ல போகும். நீலம் கொஞ்ச நாள் தாங்கும். கருப்பு நின்னுரும்," என்றாய், அடுத்தவன் பேனரைப் பற்றிப் பேசுவது போல.

கடைசியில் ஆபரேஷனுக்குத்தான் கிளம்பினாய். காரியாபட்டி தாண்டியதும் பஸ்ஸில், பக்கத்தில் இருந்த மனைவியின் தோளில் சாய்ந்தாய். தூங்குகிறாய் என்று நினைத்து அவர் முந்தானையால் உனக்கு வெயிலை மறைத்துக்கொண்டே மதுரை வரை போயிருக்கிறார்.

அன்று சாயங்காலம் பிரஸ்ஸிலிருந்து கண்ணீர் அஞ்சலிக்குப் போட்டோ கேட்டு என் போனுக்குக் கூப்பிட்டார்கள். உன் மனைவியிடம் கேட்டேன். திருச்சுழி ரோட்டில் ஒரு பேனர் இன்னும் நிற்பது, அங்கிருந்து துக்கத்துக்கு வந்தவர்கள் சொல்லி அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது.

"அதான் மொதல்லயே கட்டியாச்சேண்ணே," என்றார்.

ஒரு பேனருக்கும் ஒரு வால்வுக்கும் சம்பந்தம் உண்டு என்று நான் எழுத மாட்டேன். எழுதுகிறவனையும் நம்ப மாட்டேன். இருந்தும் நேற்று கரி மூட்டத்திலிருந்து திரும்பிய பிறகு சட்டையில் புகை வாசம் போகவில்லை.

இதை உனக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. நான் இந்த மாதம் ஓய்வு பெறுகிறேன். கூட வேலை பார்த்தவர்கள் ஊருக்குள் பேனர் கட்டுகிறார்கள். இன்று மாலை அதே பிரஸ்ஸிலிருந்து மாதிரி வந்தது. என் முகம், கீழே என் பெயர், உன் ஃபான்ட்டில். நீ போன பிறகு அது இந்த வட்டாரத்தில் எல்லோரிடமும் இருக்கிறது. போன் திரையில் கயிறு முறுக்கு முறுக்காகத் தெரிகிறது, மரத்தில் ரேகைகூட ஓடுகிறது.

"துணியில எப்படி விழுதுன்னு பாக்கணும்," என்றேன்.

"போன்லயே சூப்பரா இருக்குல்ல சார்? மெஷின்ல ஏத்தியாச்சு. விடியுறதுக்குள்ள கட்டிருவோம், நீங்க நிம்மதியா தூங்குங்க."

படமாக மாற்றி அனுப்பினார்களா என்று கேட்டேன். அதற்குள் லைன் கட்டாகிவிட்டது. திரும்ப அடித்தால் எடுக்கவில்லை.

விருதுநகருக்குக் கடைசி பஸ் இன்னும் போகவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டேன்.