தாய்மாமன் மடி

அன்புள்ள முனீஸ்வரிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நேற்று ஒரு வேடிக்கை நடந்தது. ஆய்வுக் கூட்டத்துக்காக இந்நாட்டு எல்லைக்கு அருகிலுள்ள டிரெஸ்டன் நகருக்குச் சென்ற நான், ரயிலில் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்து நிலையத்தைத் தவறவிட்டேன். போடிமெட்டைத் தாண்டுவதுபோல் எல்லை தாண்டி, செக் நாட்டில் இறங்கினேன்.

நான் பார்த்தது, ராசிங்காபுரம் கோயிலில் என் தங்கை மகள் தமிழினிக்குக் காது குத்திய படம். தாய்மாமன் நான் இங்கிருக்க, குழந்தை என் சித்தப்பா மகன் அழகுராஜாவின் மடியில் அமர்ந்திருந்தாள். பின்னால் நீ சிரித்துக்கொண்டு நின்றாய்.

“ஒம்மடி இல்லாம எம்மகளுக்குக் காது குத்துவனாண்ணே?” என்று நான் ஊரிலிருந்து கிளம்பும்போது கேட்டவள் என் தங்கை. அவளைக்கூட மன்னித்துவிடலாம். “சொன்னா நீங்க முறை பேசுவீக, அதான் சொல்லல” என்று நீ தொலைபேசியில் சொன்னதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. தாய்மாமன் என்பதே ஒரு முறைதானே, முனீஸ்வரி?

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. என் பழுப்புக் கம்பளிச் சட்டையையும், நம் தோட்டத்து ஏலக்காய் கொஞ்சமும் அனுப்பிவை.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. படத்தில் குழந்தையின் காது தெரியவில்லை. அவளுக்காக நான் பீரோவில் வைத்துவிட்டு வந்த கம்மலைத்தான் போட்டீர்களா என்பதை மட்டும் எழுது.

உன் கணவன்,
கண்ணுச்சாமி