பாளையங்கோட்டைச் சமையல்காரர்

மாமா,

இன்று மதியம் அலுவலகத்தில் உங்கள் டிபன் கேரியரைத் திறந்தேன். மேல் அடுக்கில் சோறு. நடுவில் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு. அடியில் சுறாப்புட்டு. வாசனை நாலு மேசை தாண்டிப் போனது. எதிர் மேசைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், காசிமேட்டையே கட்டி எட்தாந்துட்டியா?"

மூடியைத் திருப்பிக் காட்டினேன். உங்கள் அப்பாவின் முதலெழுத்தும் உங்கள் பெயரும் அதில் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கின்றன.

"யார் சார் இவரு?"

"என் மாமனார். சுத்த சைவம்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இது உங்களுக்கு அடுக்காது என்று தெரிந்துதான் தினமும் இதில் கொண்டுபோகிறேன். வெள்ளிக்கிழமை மட்டும் கிடையாது. அது உங்கள் மகளின் உத்தரவு.

இந்தக் கேரியர் எங்கள் வீட்டுக்கு எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் வந்திருக்கிறது. வண்ணாரப்பேட்டைக் கடையைச் சாத்திவிட்டு, மார்கழியானால் குரங்குக் குல்லாயும் மாட்டிக்கொண்டு, விம்கோ நகருக்கு மகளைப் பார்க்க வருவீர்கள். கதவோரத்து நாற்காலிதான் உங்களுக்கு. ஒரு கையில் கேரியர், மறு கையில் தண்ணீர் பாட்டில். வெளியே பனியும் ஆலைப் புகையும் ஒன்றாகக் கலந்து தெருவிளக்கு மஞ்சள் கறையாகத் தெரியும். உள்ளே சிவகாமி காலையிலிருந்து செய்த சொதியும் இஞ்சிப் பச்சடியும் அடுப்படியில் காத்திருக்கும். நீங்கள் வருகிற நாளில் வீட்டில் மீன் கிடையாது. பாத்திரங்கள் எல்லாம் புளி போட்டுத் தேய்த்தவை. துறைமுகத்துப் பக்கமிருந்து வரும் கரித்தூள் ஜன்னலில் படியும் என்று ஒரு நாளைக்கு இரண்டு தடவை துடைக்கிறவள், அன்று நாலு தடவை துடைப்பாள்.

"அப்பா, ஒரு கரண்டி மட்டும்."

"வேண்டாம்ளா. நாந்தான் கொண்டாந்திருக்கேம்லா."

அப்புறம் கேரியரைப் பிரிப்பீர்கள். அவள் அதிலிருந்து எடுத்து உங்கள் சோற்றை உங்களுக்கே பரிமாறுவாள். சொந்த வீட்டில் பந்தி விசாரிக்கிற கூலியாள் மாதிரி. நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவள் கேட்காமல் ஒரு கரண்டி சொதியை உங்கள் தட்டில் ஊற்றிவிட்டாள். நீங்கள் கோபப்படவில்லை. மெதுவாக எழுந்தீர்கள், கை கழுவினீர்கள், குல்லாயை மாட்டினீர்கள். பாதிச் சோறு தட்டில் இருந்தது. அந்தத் தட்டை அவள் வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

எங்கள் கல்யாணத்தன்று நீங்கள் சாப்பிடாமல் போனபோதே என் அக்கா நாகம்மா கேட்டாள். அவள் காசிமேட்டில் மீன் விற்கிறவள், அவளுக்கு மறைத்துப் பேச வராது. "இன்னாடா உன் மாமனாரு, தண்ணி கூட குடிக்காம போய்க்கினே கீறாரு? நம்ம வூட்டு சொம்புல இன்னா மீனா நீந்துது?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். உங்கள் காதில் விழுந்திருக்கும். விழட்டும் என்றுதான் அவள் சொன்னாள்.

என்னைப் பற்றி நீங்கள் சொன்னதும் என் காதில் விழுந்தது. "எம்மெஸ்ஸி படிச்சா என்ன, வாடை போயிருமா?" அந்தப் பட்டத்துக்காக நான் படித்த புத்தகங்களில் எதுவும் எனக்கு வரிக்கு வரி நினைவில்லை. இந்த வரி இருக்கிறது.

உங்கள் ஊர்க் கோயில் கொடை விழாவுக்கு ரயிலில் போனோமே, அதையும் நான் மறக்கவில்லை. உங்கள் மகன், மருமகள், நீங்கள், நாங்கள் இருவர். சிவகாமி விடியற்காலையில் எழுந்து இட்லி சுட்டு, மிளகாய்ப்பொடி தடவி, வாழையிலையில் மடித்துக் கட்டியிருந்தாள். எல்லோருக்கும் சேர்த்து. செங்கல்பட்டில் வண்டி நின்றபோது நீங்கள் அந்தக் கட்டை எடுத்தீர்கள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். பிரிக்காமலே ஜன்னல் வழியாக, பிளாட்பாரத்தில் படுத்திருந்த ஒருவரிடம் நீட்டினீர்கள்.

"நம்மகிட்டதான் புளியோதரை கெடக்கே. பாவம், அவன் திங்கட்டும்."

தர்மம் செய்துவிட்ட முகத்தோடு உட்கார்ந்தீர்கள். அவள் திருச்சி வரைக்கும் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. எழுந்து உங்கள் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும் நான். என் முழங்காலில் அவள் கை இருந்தது, அழுத்திக்கொண்டு.

அதே கைதான் பிறகு ஆஸ்பத்திரியிலும் என்னைப் பிடித்தது.

போன வருஷ மார்கழியில் மூச்சிரைப்பு என்று உங்களை ராயபுரத்தில் சேர்த்தார்கள். மருமகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். உங்கள் மகனுக்கு வெந்நீர் வைக்கத்தான் தெரியும். கேன்டீன் சாப்பாட்டை நீங்கள் தள்ளிவிட்டீர்கள். நாளுக்கு நாள் கன்னம் ஒட்டியது. இரவெல்லாம் பக்கத்தில் இருந்த சிவகாமி ஒரு மாலை தம்பியைத் தனியாக அழைத்துப் பேசினாள். மறுநாள் காலை அவன் இந்தக் கேரியரோடு எங்கள் வாசலில் வந்து நின்றான். அவளோ ஆஸ்பத்திரியில். அடுப்படியில் நான்.

மிளகு ரசமும் பருப்புத் துவையலும் உங்கள் மகள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தாள். பூண்டைத் தோலோடு நசுக்கிப் போடு, நுரை கட்டும்போது இறக்கு, கொதிக்க விட்டால் கெட்டது. சோற்றைக் குழைய வடித்தேன். இதற்கென்று புதுப் பாத்திரம் வாங்கி வைக்கச் சொல்லியிருந்தாள், வாங்கினேன். மார்கழி முழுவதும் வீட்டுக்குள் மீன் நுழையவில்லை. நாகம்மா அக்கா தெருவில் நிறுத்திக் கேட்டாள்: "உன் மாமனாரு ஆஸ்பத்திரில படுத்துகினுகீறாரு, நீ ஏண்டா கவுச்சிய வுட்டுட்ட? அவருக்கு பதுலா நீ சாமியாராயிட்டியா?" உங்கள் நோன்பை நான் கெடுக்கவில்லை, மாமா. உங்களுக்குச் செய்ததில் ஒரு குறையும் வைக்கவில்லை. அதனால்தான் இன்று தலைநிமிர்ந்து இதை எழுதுகிறேன்.

நீங்கள் சாப்பிட்டீர்கள். அடுக்கு அடுக்காக, வழித்துச் சாப்பிட்டீர்கள்.

"யாருல இது சமைச்சது?" என்று மகனைக் கேட்டீர்கள்.

அவன் விழித்தான். "நம்ம பக்கத்துச் சமையக்காரர் ஒருத்தர் கெடைச்சாருப்பா."

"எந்த ஊரு?"

"பாளையங்கோட்டை."

"அதான பாத்தேன். கைப்பக்குவம் சொல்லுதுல்லா. இந்த மெட்ராசுல எவனுக்கு இப்படி ரசம் வைக்கத் தெரியும்? அந்த மனுசன ஒரு நாள் கூட்டிட்டு வா. நான் பாக்கணும்."

அந்த மனுசன் அன்று வார்டு வாசலில்தான் நின்றிருந்தான். உள்ளே வரக் கால் எடுத்து வைத்தேன். வாயில் வார்த்தை தயாராக இருந்தது, கல்யாணத்தன்றே தயாரானது. சிவகாமி என் மணிக்கட்டைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துப் போனாள்.

"வேண்டாங்க."

"அவருக்குத் தெரியணும்."

"தெரிஞ்சா அடுத்த வாய் இறங்காது. சாப்பிடாமலே போயிருவாங்க."

"உன்னை என்ன பாடு படுத்தினாரு."

"எங்க வீட்டுச் சோறு அப்பா சாப்பிடுதாங்க. நான் பாத்துக்கிட்டிருக்கேன். எனக்கு இது போதும். அவங்க உயிரோட இருக்கிற வரைக்கும் சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க."

சொன்னேன். அவளுக்குப் போதும் என்றாள், எனக்குப் போதவில்லை. இல்லாத ஒருவனைப் பார்க்க ஆசைப்பட்ட நீங்கள், பக்கத்தில் கண்விழித்துக் கிடந்தவளிடம் ஒரு நாள்கூட "நீ சாப்பிட்டியா" என்று கேட்கவில்லை. நான் தினமும் அங்கே வந்து நின்றேன், எனக்குத் தெரியும்.

தை பிறந்து சில நாளில் போய்விட்டீர்கள். காரியம் எல்லாம் முடிந்த பிறகு உங்கள் மகன் வந்தான். கேரியரையும் ஒரு பொட்டலத்தையும் மேசையில் வைத்தான். "கேரியர் அக்கா கேட்டிருந்தா. இது... அந்தச் சமையக்காரருக்கு ஒரு வேட்டி எடுத்துக் குடுக்கச் சொன்னாங்க அப்பா. வேற யார்கிட்ட குடுக்க, அத்தான்?" கரை போட்ட நல்ல வேட்டி. நீங்கள் எனக்குக் கொடுத்த ஒரே துணி. கல்யாணத்துக்குக்கூட எடுக்கவில்லை.

நேற்று உங்கள் முதல் வருஷம். திதி உங்கள் மகன் வீட்டில் முறையாக நடந்தது. அங்கிருந்து வந்தபிறகு சிவகாமி இங்கேயும் ஓர் இலை போட்டாள். உங்கள் படத்தைக் கதவோரத்தில், அதே நாற்காலியில் வைத்திருந்தாள். அந்த இடம் என் யோசனை. சொதி, இஞ்சிப் பச்சடி, அவியல். நீங்கள் தொடாமல் போனதெல்லாம் இலையில் வரிசையாக இருந்தது. ரசம் மட்டும் நான் வைத்தேன். உங்கள் வேட்டியைக் கட்டிக்கொண்டு, நானே எடுத்து வந்து ஊற்றினேன். குனிந்து உங்கள் முகத்துக்கு நேராகச் சொன்னேன்:

"அந்தப் பாளையங்கோட்டை ஆள் நான்தான், மாமா. காசிமேட்டு மீன்காரி தம்பி."

நீங்கள் எழுந்து போகவில்லை. கை கழுவவில்லை. குல்லாயைத் தேடவில்லை. கண்ணாடிக்குள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

பின்னால் சிவகாமி நின்றிருந்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"இன்னும் ஒரு கரண்டி கேட்டாரு."

அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். சிரித்தாளா, அழுதாளா, நான் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு கரண்டி ஊற்றினேன். இலை கொள்ளாமல் ரசம் வழிந்து உங்கள் படத்தின் அடி வரைக்கும் ஓடியது. தூசு விழுந்தாலே துணியோடு வருகிறவள் அதைத் துடைக்கவில்லை.

இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். செங்கல்பட்டு பிளாட்பாரம் எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. கேரியரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். நாளை புதன்கிழமை. நாகம்மா அக்கா வஞ்சிரம் எடுத்து வைத்திருப்பதாகச் சொல்லியனுப்பியிருக்கிறாள்.